கிராஞ்சித் தூணில் எங்கள் மாமா: போர்க் கல்லறை ஆணையத்தின் சேவை பற்றி

பர்மாவுக்கோ மலாயாவுக்கோ பட்டாளத்தில் போய்த் திரும்பாமலே போன ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சு உண்டா? செத்த தேதி தெரியாது, புதைத்த இடம் தெரியாது, ஒரு பழைய படமோ கடிதமோ மட்டும் பெட்டிக்குள் கிடக்கிறது என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். தேடுவதற்குக் காசு கிடையாது. நான் குடியாத்தத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எங்கள் குடும்பம் எழுபது, எண்பது வருஷமாகத் தெரியாமல் தவித்த ஒன்றை அந்தப் பக்கத்தில் என் கண்ணால் படித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் தேடியது நைனாவின் தாய்மாமனை. ஆயாவுக்கு ஒரே தம்பி அவர். பெயர் ‘மு’வில் தொடங்கி ‘சாமி’ என்று முடியும். முழுப்பெயரைப் பொதுவில் போடுவதில் நைனாவுக்கு விருப்பமில்லை, ஆகவே மாமா என்றே சொல்கிறேன். வட ஆற்காடு ஜில்லாவில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாமா 1940இல் சேர்ந்தார். லாரி ஓட்டக் கற்றுத் தருவார்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வரும், திரும்பி வந்து பஸ் கம்பெனியில் டிரைவராகிவிடலாம் என்பது கணக்கு. சரக்கு லாரி ஓட்டும் பிரிவில் போட்டார்கள். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்பது அதன் பெயர். அரிசி, பெட்ரோல், தோட்டா எல்லாவற்றையும் சண்டை நடக்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

கிளம்பும் முன்பு எடுத்த ஒரு படம் இருக்கிறது. அரைக்கால் காக்கி டிரவுசர், முழங்கால் வரை காலுறை, பக்கத்தில் ஒரு நாற்காலி, பின்னால் தூணும் கொடியும் வரைந்த திரை. என் தொழில் அப்படி, எனக்கு முதலில் சட்டைதான் கண்ணில் படும். தோள்பட்டைத் தையல் தோளில் நிற்காமல் கையில் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கையே போகும். இன்னும் உடம்பு பிடிக்காத பிள்ளைக்குப் பெரிய ஆள் அளவில் தைத்த சட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் தையல் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர் எவ்வளவு சின்னப் பையன் என்பது உறைத்தது.

‘காணவில்லை’ என்று ஒரு காகிதம் வந்ததாம். அப்புறம் என்ன வந்தது, வந்ததை யார் படித்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் யாருக்கும் நிச்சயமில்லை. ஆயா மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: தம்பி சாகவில்லை, நேதாஜி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சண்டை முடிந்து ஐ.என்.ஏ.காரர்கள் ஊர் திரும்பத் தொடங்கியதும், சுற்றுவட்டாரத்தில் யாராவது வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுவாராம். பார்த்தேன் என்று ஒருத்தர் சொல்வார், பார்க்கவில்லை என்று இன்னொருத்தர் சொல்வார். ஆயா உயிரோடு இருந்தவரை வீட்டில் மாமாவுக்குக் காரியம் எதுவும் செய்ய விடவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு எள்ளும் தண்ணியும் விடுவதா என்பார். அவர் போன பிறகு நைனா மகாளய அமாவாசையில் மாமா பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். திதி தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதானே நாள்.

இனி ஆணையத்துக்கு வருகிறேன். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917 மே மாதம், இது தொடங்கப்பட்டது. ஃபேபியன் வேர் என்பவர் தொடங்கிவைத்தார். இரண்டு உலகப்போர்களிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பக்கம் நின்று இறந்த சுமார் 17 லட்சம் பேரின் கல்லறைகளையும் பெயர்களையும் இன்றைக்கும் பராமரித்து வருகிறார்கள். 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த இடங்கள் இருக்கின்றன. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு அரசுகளும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் பணமும் அதில் போகிறது, அதனால் தயங்காமல் உரிமையோடு பயன்படுத்தலாம். மேஜர் ஆனாலும் சிப்பாய் ஆனாலும் ஒரே அளவுக் கல், ஒரே மாதிரி எழுத்து என்பது இவர்களின் கொள்கை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை ஒரு நினைவுச் சுவரிலோ தூணிலோ வெட்டிவைப்பார்கள். இரண்டாம் உலகப்போரில் மட்டும் இந்தியப் படையினர் சுமார் 87,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி வெளிநாட்டு மண்ணில்தான்.

தேடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நம் ஆளின் முழுப்பெயரையும் போட வேண்டும். நம் சிப்பாய்களுக்கு ஒரே பெயர்தான், அதைத்தான் அங்கே பதிந்திருக்கிறார்கள். எந்தப் படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் போர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதையும் கொடுங்கள். அடுத்து எழுத்துக்கூட்டு. அன்றைக்குப் பட்டாளத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் இன்றைக்கும் பதிவு. ‘சாமி’யையே நாலு விதமாக எழுதியிருப்பார்கள். கடைசியில் ‘ஐ’ வரலாம், ‘ஒய்’ வரலாம், நடுவில் ‘டபிள்யூ’ வரலாம். ‘முத்து’வில் ஒரு ‘டி’ வரும், இரண்டும் வரும். பெயரின் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் கூடுதல் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஜில்லாவின் பழைய பெயரைப் போடுங்கள். இன்றைய மாவட்டப் பெயர் போட்டால் ஒன்றும் வராது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைக்காரர்கள் வட ஆற்காடு என்றுதான் தேட வேண்டும். கடலூர், விழுப்புரத்துக்குத் தென் ஆற்காடு. திண்டுக்கல்லுக்கு மதுரை. இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று பலருக்கு ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்துவிட்டால் சந்தேகமே இல்லை. சில பேருக்கு அது இல்லை, பெயரும் எண்ணும் பிரிவும் மட்டும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பட்டாள எண் எழுதிய பழைய மணியார்டர் துண்டோ பென்ஷன் காகிதமோ கையில் இருந்தால் பெரிய உதவி. பழைய காகிதம் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்னோரின் ராணுவ ஆவணங்களைத் தேடித் தருகிறோம் என்று பணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் முன்பணம் வாங்கினார். மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு ஒரே ஒரு காகிதத்தை உறையில் போட்டு அனுப்பினார். அதே பெயருள்ள வேறு ஆள், ஊர் திருநெல்வேலி. பிறகுதான் என் மகன், ‘அம்மா, இதை நாமே பார்க்கலாம்’ என்று சொல்லி அந்தத் தளத்தைத் திறந்தான். அந்த ஆள் அனுப்பிய காகிதமும் அங்கே யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்கிற சான்றிதழ்தான். இந்தத் தேடலுக்கு நடுவில் ஆள் தேவையே இல்லை.

மாமா கிடைத்தார். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் நைனாவின் தாத்தா பெயர் அப்படியே இருக்கிறது. சிப்பாய், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், வயது 22, இறந்த நாள் 15 பிப்ரவரி 1942, பெயர் பொறித்த இடம் சிங்கப்பூர் நினைவகம், தூணின் எண் இது. கடையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சின்னத் திரையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சான்றிதழை அச்செடுத்துத் தெருமுனைக் கடையில் சட்டம் போட்டோம். நைனா அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு, தன் தாத்தா பெயர் இருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ‘எங்க தாத்தா பேர லண்டன்ல எழுதி வச்சிக்கீறான் பாரு’ என்றார்.

அந்தத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரர்கள் மலாயாவின் வடக்கே கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஜித்ரா, கம்பார், ஸ்லிம் ஆறு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துப் பின்வாங்கிய படையில் பாதிக்குப் பாதி இந்தியச் சிப்பாய்கள். ஜனவரி 31ஆம் தேதி சிங்கப்பூருக்குள் வந்து பாலத்தைத் தகர்த்தார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பான் படை தீவுக்குள் இறங்கியது. அதற்கப்புறம் ஒரே வாரம்தான். 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, புக்கித் தீமா சாலையில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வைத்து பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். சண்டை நின்றதே அன்றைக்குத்தான். மாமாவின் பதிவில் இருப்பதும் அதே நாள். கடைசி நாள்களின் குழப்பத்தில் காணாமல்போன பலருக்கும் பதிவில் இந்தத் தேதிதான் இருக்கிறது. அதனால் அது நிஜமாகவே அவர் உயிர் போன நாளா, அவரை அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை என்பதற்கான நாளா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டில் எதுவானாலும் எங்களுக்கு அது போதும்.

இந்தியப் போர்க்கைதிகள் 40,000க்கும் மேற்பட்டவர்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் உட்காரவைத்து, ஜப்பானியரும், அவர்கள் பக்கம் சேர்ந்த இந்தியப் படை அதிகாரி மோகன் சிங்கும் பேசியது பிப்ரவரி 17ஆம் தேதி. ஐ.என்.ஏ.வுக்கு அடித்தளம் போட்ட கூட்டம் அது. நேதாஜி சிங்கப்பூர் வந்தது அதற்கும் அடுத்த வருஷம், 1943 ஜூலையில். மாமாவின் தேதி அந்தக் கூட்டத்துக்கு முந்தியது. ஆயா படத்தை முடிந்துகொண்டு நடந்த நடையெல்லாம் என் மனதில் வந்தது. ஆயா இருக்கும்போதே இந்தத் தளம் கையில் கிடைத்திருந்தால் சொல்லியிருப்போமா என்று என் தங்கை கேட்டாள். நான் சொல்லியிருப்பேன். நம்பிக்கை நல்லதுதான், ஆனால் யார் யார் வீட்டுத் திண்ணையிலோ போய் உட்கார்ந்து அவர் கெஞ்சியதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் திதி. பழைய பஞ்சாங்கக் கணக்கில் பார்த்துச் சொன்னார்கள்: விஷு வருஷம், மாசி மாதம், அமாவாசை. சீனப் புத்தாண்டும் அந்த வருஷம் அதே நாளில்தான் வந்தது. புத்தாண்டுக்குச் சிங்கப்பூரே விளக்கும் வெடியுமாக இருக்க வேண்டிய நாளில் ஊர் வீழ்ந்தது. இப்போது வருஷாவருஷம் மாசி அமாவாசைக்கு நைனா பாலாற்றங்கரைக்குப் போகிறார். அவரால் இறங்க முடியாது, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மகாளயத்தில் பொதுவாகச் சொல்லிவந்த பெயர் அவருக்கென்று ஒரு நாளுக்கு வந்துவிட்டது. ஓர் இணையதளத்துக்கு மதிப்பீடு எழுதும்போது இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தச் சேவையால் எங்களுக்கு நேர்ந்ததில் பெரியது இதுதான்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது நேரில் பார்க்கக் கிளம்பினோம். முந்தின நாள் சாயங்காலம் லிட்டில் இந்தியாப் பக்கம் தேக்காவில் மல்லிகைச் சரமும் கொஞ்சம் சாமந்தியும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். வடக்கே போகும் எம்.ஆர்.டி. ரயிலில் ஏறிக் கிராஞ்சியில் இறங்கி, உட்லண்ட்ஸ் சாலையோரம் நடந்தால், சிங்கப்பூர் நினைவகம் இருக்கும் கிராஞ்சிப் போர்க் கல்லறை வந்துவிடுகிறது. பஸ்ஸும் இருக்கிறது. சாலையில் லாரிகள் பறக்கின்றன, ஓரமாக நடங்கள்.

உள்ளே நுழைந்ததும் மேட்டில் ஏறுகிற மாதிரி நிலம். இரண்டு பக்கமும் வெள்ளைக் கற்கள், நூல் பிடித்து நட்ட நாற்று போல வரிசை. 4,461 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அதில் 850க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாது. ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ஏதோ ஒரு சின்னச் செடி. புல்லை மட்டமாக வெட்டியிருக்கிறார்கள். காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. கல்லுக்கும் புல்லுக்கும் நடுவில் உள்ள விளிம்பைக்கூடக் கத்தரித்தாற்போல் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் விழாவுக்காகச் செய்த வேலை இல்லை அது, தினம் கை படுகிற இடம் என்பது பார்த்தாலே தெரிகிறது. வயதைப் படித்துக்கொண்டே போனேன். 19, 21, 23, 20. எந்த ஊர்ப் பிள்ளைகளோ. ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து, நேபாளம்.

மேட்டின் உச்சியில் நினைவகம். காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1957 மார்ச் 2ஆம் தேதி திறந்தது. கூரை விமானத்தின் இறக்கை மாதிரி, மேலே எழும் கோபுரம் நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பகுதி மாதிரி, தாங்கும் தூண்கள் அணிவகுத்து நிற்கும் தரைப்படை. அந்தத் தூண்கள் முழுக்கப் பெயர்கள், 24,000க்கும் மேல். கல்லறை கிடைக்காதவர்கள் எல்லாரும் இங்கேதான். பின்னால் தனியாக ஒரு தகன நினைவகமும் இருக்கிறது. எரியூட்டப்பட்ட சுமார் 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியர்களுக்கு. அவரவர் மத வழக்கப்படி செய்திருக்கிறார்கள் என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கையில் தூண் எண் இருந்தால் சிரமமே இல்லை. முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் ஆங்கில அகரவரிசை. எண் இல்லாமல் போனால் அத்தனை பெயர்களையும் நின்று படிக்கத்தான் வேண்டும், எனவே வீட்டிலேயே தேடிக் குறித்துக்கொண்டு வாருங்கள். மாமாவின் பெயர் என் தலைக்கு மேலே, கையை முழுதாக நீட்டினால் விரல் நுனி படும் உயரத்தில் இருந்தது. எழுத்து ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது. ‘எம்’மின் இரண்டு கால்களிலும் விரல் இறங்கியது. காலையிலேயே போயிருந்தும் கல் இளஞ்சூடாக இருந்தது. பூவைத் தூணின் அடியில் வைத்தோம். பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சின்ன மரச்சிலுவை, காகிதத்தில் செய்த சிவப்புப் பூவோடு.

அங்கிருந்தே நைனாவுக்கு வீடியோவில் கூப்பிட்டோம். மகன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். நைனா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘மாமாவுக்கு மேல கீழ யாரு பேரு கீது, படி’ என்றார். அப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. படித்தேன். மேலே வரிசையாக முகமதுகள், நிறையப் பேர். கீழே ‘முத்து’வில் தொடங்கும் பெயர்கள், நம் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். எல்லாரும் லாரிப் படையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘சரி, ஒண்ணா வண்டி ஓட்ன ஆளுங்களோடதான் கீறாரு’ என்று சொல்லிவிட்டு, ‘வெய்யில்ல நிக்காத, கிளம்பு’ என்றார்.

பராமரிப்பு, மரியாதை, தகவல் மூன்றிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஐந்துக்கு ஐந்து. ஆனால் இந்த அமைப்பைப் பற்றி எழுதும்போது சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர்களே ஒரு குழு வைத்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட அறிக்கை அது. முதல் உலகப்போர்க் காலத்தில் எல்லாருக்கும் சமமான மரியாதை என்ற கொள்கை எல்லாரிடத்திலும் கடைப்பிடிக்கப்படவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், அதில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும்தான் அதிகம். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லியோ எந்த வகையிலோ நினைவுகூரப்படவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். ஆணையமும் பிரிட்டிஷ் அரசும் மன்னிப்புக் கேட்டன, விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையும் நடக்கிறது. எங்கள் மாமா பெயர் தூணில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தவள் என்பதால், அந்தக் குடும்பங்கள் எதை இழந்தன என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. முதல் போரில் இறந்தவரைத் தேடிப் பெயர் இல்லை என்று வந்தால், அவர் போகவே இல்லை என்று அர்த்தமில்லை. ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது ஆணையத்தின் குறை இல்லை. பெரும்பாலும் படையில் இருந்தவர்களுக்குத்தான் இந்தச் சேவை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஓட்டிச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதையில் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லி ஒரு கல் கிடையாது. கிராஞ்சியில் நின்றபோது அது என்னை மிகவும் வருத்தியது. அந்தப் பெயர்களைத் தேடி எழுதிவைக்க வேண்டியது தமிழர்களான நாம்தான்.

தேடப் போகிறவர்களுக்கு இன்னும் சில விவரங்கள். பர்மாவில் காணாமல்போனவர் என்றால் பெரும்பாலும் ரங்கூன் பக்கத்தில் தாவ்க்யான் என்ற இடத்தில் இருக்கும் நினைவகத்தில் இருப்பார். அங்கே சுமார் 27,000 பெயர்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போனவர் என்றால் நவ் ஷாப்பேல் நினைவகம், 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள். ஈராக் பக்கம் போனவர் என்றால் பஸ்ரா. டில்லி இந்தியா கேட்டில் வெட்டியிருக்கும் 13,000க்கும் மேற்பட்ட பெயர்களும் இதே தளத்தில் கிடைக்கும். 1944இல் இத்தாலியில் தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் பெயரை முதலில் தேடிப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பெயரை எத்தனை விதமாக எழுத்துக்கூட்டலாம் என்பது பிடிபட்டுவிடும்.

உங்கள் ஊர்ப் பழைய சாவடிச் சுவரிலோ தாலுகா ஆபீசிலோ, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஒரு கல் பதித்திருக்கும். அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அந்தப் பெயர்களைத் தேடுவதற்கும் இந்தத் தளம்தான் வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு லீவு நாளில் செய்துவிடுவார்கள்.

சிங்கப்பூர் போக முடியாதவர்கள் சென்னையிலேயே இவர்களின் வேலையைப் பார்க்கலாம். பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் மதராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. 1952இல் அமைத்தது, இரண்டாம் உலகப்போரில் இறந்த 857 பேர் அங்கே இருக்கிறார்கள். பின்பக்கம் முதல் உலகப்போர்க்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் பொறித்த நினைவுச் சுவர். பலர் இங்கிலாந்துப் பிள்ளைகள், நம் மாமாவுக்குச் சிங்கப்பூர் எப்படியோ அவர்களுக்கு நம் ஊர் அப்படி. சில கல்லில் கீழே குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி இருக்கும், மெதுவாகப் படியுங்கள். சென்னை போனால் கொஞ்சம் பூவோடு நான் அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன்.

கிராஞ்சி காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், சாயங்காலம் 6 வரை. நுழைவுக் கட்டணம் இல்லை. வயதானவர்களை அழைத்துப் போனால் காலையிலேயே போய்விடுங்கள், மேடு ஏற வேண்டும், தூண்களுக்கு அடியில்தான் நிழல். தண்ணீர் கொண்டுபோங்கள். நவம்பரில் நினைவு ஞாயிறு அன்று விழா நடக்கும், கூட்டம் இருக்கும். நிதானமாகப் பெயர் தேட வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். வருகைப் பதிவேட்டில் நான் தமிழில்தான் எழுதினேன், ஊர்ப்பெயரைச் சரியான எழுத்தில்.